காண்டாக் கம்பும் தண்டாலும்

"அந்தக் காலத்துல தோட்டத்துல எவன் தண்டால் எடுத்தான்? ரெண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறுனா தோள் தானா வரும்." ஈப்போவில் எந்தத் தாமானிலும் ஒரு பையன் வீட்டு முன்புறத்தில் தண்டால் எடுக்க ஆரம்பித்தால், தாத்தாவிடமிருந்தோ பெரியப்பாவிடமிருந்தோ இந்தப் பேச்சு வந்துவிடும். பையனிடமும் பதில் தயாராக இருக்கும்: "தாத்தா, நீங்க செஞ்சது வேலை. இது எக்சர்சைஸ்." இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிய வேண்டுமானால், பால்மரத் தோட்ட வேலை மேலுடம்புக்கு என்ன செய்தது, உடல் எடையை மட்டும் வைத்து வீட்டில் செய்யும் பயிற்சி என்ன செய்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஈப்போ இருக்கும் பேராக் மாநிலம் பொருத்தமான இடம். சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது சுங்கை சிப்புட் தொடங்கித் தெற்கே பெர்ணம் ஆற்றங்கரை வரை காடு தோட்டமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. அதற்கு எதிராகத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஈப்போவின் புந்தோங்கிலும் புதிய தாமான்களிலும் இருக்கிறார்கள். கணினி முன்னால், லாரி ஓட்டுநர் இருக்கையில், தொழிற்சாலையில் நின்ற இடத்தில் வேலை பார்க்கிறார்கள். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். சாப்பாட்டில் வரும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். ஆகவே தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடக்கும் இந்த வாக்குவாதம் தோள் அழகைப் பற்றியது மட்டுமல்ல.

அசைவு

பால் வெட்டும் கையை முதலில் பார்ப்போம். வெட்டுக்கோடு மரத்தின் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கும். வெட்டுபவர் கத்தியை மேல் நுனியில் வைத்துத் தம் பக்கமாக இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றிக் காலை நகர்த்துவார். சீவும் பட்டையின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதற்குமேல் ஆழம் போனால் மரம் காயப்படும், மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் திட்டு விழும். இதில் பெரிய பலம் தேவையில்லை. விரல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் இறுகிய நிலையில் நிதானமாக நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒதுக்கிய ஒரு நிரையில் 400, 500 மரம். புதிய வெட்டு நெஞ்சுயரத்தில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். இறங்க இறங்க முதுகு வளையும்.

வெட்டி முடித்துப் பால் வடிந்ததும் மங்குகளில் இருப்பதை வாளியில் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். இரண்டு வாளியும் நிறைந்தால் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் ஏற்றி, பால் சிந்தாமல் மேடு பள்ளம் கடந்து ஸ்டோருக்கு நடை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசை, முதுகுத்தண்டின் இரு மருங்கு, இடுப்பு, கால் எல்லாம் இதில் உழைக்கும். பெண்களும் இதே வேலையைச் செய்தார்கள். வீடு திரும்பியதும் அடுப்படியும் துணி துவைப்பும் காத்திருந்தன.

இந்த வேலைகளில் எங்குமே இல்லாத ஓர் அசைவு உண்டு: நெஞ்சிலிருந்து எதையும் எதிரே தள்ளுவது. மார்புத் தசைக்கும் மேற்கையின் பின்புறத்துக்கும் தோட்டம் அதிகமாக எதையும் கொடுக்கவில்லை. மாலையில் கோயில் திடலில் சிலம்பம் பழகிய இளைஞர்கள், பகலெல்லாம் உழைத்த பிறகும் தண்டால், பஸ்கி எடுத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். வேலை தராத ஒன்றைத் தண்டால் தந்தது.

தண்டாலில் நிலைமை தலைகீழ். பழைய உடற்பயிற்சிக்கூடமான கரடிக்கூடத்துத் தண்டாலில் கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பு மேலே நிற்கும். மூக்கு தரையை உரசுவதுபோல நெஞ்சு கைகளுக்கு நடுவே வழுக்கிச் சென்று தலை நிமிரும். பிறகு வந்த வழியே திரும்பும். இன்று பள்ளியிலும் படையிலும் பழக்கும் நேர்த் தண்டாலில் தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே கோடாக இறங்கி ஏறும். முன்னது தோளுக்கும் முதுகின் வளைவுக்கும் கூடுதல் வேலை கொடுக்கும், பின்னது மார்புக்கும் வயிற்றுக்கும். இரண்டுமே தள்ளும் அசைவுதான். இழுக்கும் முதுகுத் தசைக்கும் கைப்பிடிக்கும் இரண்டிலும் பங்கில்லை. தோட்டம் இழுத்தது, பிடித்தது, சுமந்தது, தண்டால் தள்ளுகிறது. தண்டாலை மட்டும் நம்பும் பேரனுக்குக் குறைவது தாத்தாவிடம் மிகுதியாக இருந்ததுதான்.

இந்தக் குறை சின்னதல்ல. மலேசியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, கைப்பிடி பலம் 5 கிலோ குறைய இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுவதைக் கண்டது. கைப்பிடி உடம்பின் மொத்த பலத்துக்கு ஓர் அளவுகோல். தண்டால் எத்தனை எடுத்தாலும் கைப்பிடி பலம் வளராது.

சுமை

ஒரு வாளியில் 15 லிட்டர் பால் என்று வைத்துக்கொண்டால் காண்டாக் கம்பில் தொங்குவது ஏறத்தாழ 30 கிலோ. தண்டாலில் கை தாங்கும் எடையையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2011-இல் வெளிவந்த ஓர் அளவீட்டின்படி சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் 64 விழுக்காடு கைக்கு வருகிறது. முழங்காலை ஊன்றினால் 49. கையை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 41. காலை அதே உயரத்தில் வைத்தால் 74. அதாவது 70 கிலோ எடையுள்ளவர் ஒரு திண்டில் கையூன்றித் தள்ளும்போது ஏறத்தாழ 29 கிலோ, தரையில் 45 கிலோ, காலை நாற்காலியில் ஏற்றினால் 52 கிலோ.

திண்டில் எடுக்கும் தண்டாலும் காண்டாவும் எடையில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் தண்டாலில் அந்த எடையை ஒரு நிமிடத்துக்குள் பத்து, பதினைந்து முறை ஏற்றி இறக்கித் தசை களைப்பதற்குச் சற்று முன் நிறுத்துகிறோம். காண்டாவில் அதே எடை ஸ்டோர் வரும்வரை அசையாமல் தோளில் அழுந்திக்கொண்டே இருக்கும். முதலாவது தசைக்கு வளரச் சொல்லும் செய்தி. இரண்டாவது தாங்கப் பழக்கும். ஒரு கட்டத்துக்குமேல் வளர்க்காது. தாத்தா சொல்லும் தோளில் பாதி தசை, பாதி கம்பு அழுத்திய காய்ப்பு.

எடை தூக்காமல் பலம் வருமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஜப்பானில் 2017-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் ஒரு பிரிவினர் தண்டாலும் மற்றொரு பிரிவினர் அதற்கு ஈடான எடையில் பெஞ்ச் பிரஸும் வாரம் இருமுறை, எட்டு வாரம் செய்தார்கள். தசைக் கனமும் பலமும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கூடின.

ஓய்வு

உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பால்மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே தோட்டங்களில் பரவலாக இருந்த முறை. வெட்டிய மரம் மறுபடி பால் ஊறுவதற்கு இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு வெட்டாளுக்கும் இரண்டு நிரைகள்: இன்று ஒன்று, நாளை மற்றொன்று. மரத்துக்கு ஓய்வு கிடைத்தது, வெட்டிய கைக்குக் கிடைக்கவில்லை. வார விடுமுறை நாளைத் தவிர்த்தால் கைக்கு ஓய்வு தந்தது மழை ஒன்றுதான், மழை நாளில் சம்பளமும் இருக்காது.

தசைக்கும் பால்மரத்தின் கணக்கே. கடுமையாக உழைத்த தசை சீராகி, முன்னைவிடச் சற்றுக் கூடுதலாக வளர ஏறத்தாழ 48 மணி நேரமும் போதிய புரதமும் தூக்கமும் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து, பெரும்பாலும் சோறும் குழம்புமாகச் சாப்பிட்டு, வாரத்தில் ஆறு நாள் அதே அசைவைச் செய்த உடம்புக்கு இவற்றில் எதுவும் ஒழுங்காக அமையவில்லை. சுமையை ஏற்றி இறக்கும் முடிவும் உடம்பின் கையில் இல்லை. மரம் நிறையப் பால் கொடுத்தால் வாளி கனக்கும், இலையுதிரும் மாதங்களில் இலேசாகும். பதினெட்டு வயதுப் பையனுக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கும் நிரை ஒன்றுதான். தண்டால் எடுப்பவரோ இன்று தோள் வலித்தால் திண்டுக்கு மாறுவார், நாளை இலேசாக இருந்தால் காலை உயர்த்துவார். நிறுத்துகிற உரிமை அவரிடம் இருக்கிறது.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் வட்டாரத்தில் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வு இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஓய்வு நேரத்தில் உடலை அதிகம் அசைத்தவர்களுக்கு இதய நோயும் இறப்பும் குறைவு. வேலையில் அதிகம் உழைத்தவர்களுக்கு இரண்டும் அதிகம்; புகைபிடித்தல், வருமானம், படிப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். பல மணி நேரம் இறங்காத இதயத் துடிப்பு, சுமை தூக்கும்போது ஏறும் இரத்த அழுத்தம், போதாத ஓய்வு ஆகியவற்றை ஆய்வாளர்கள் காரணமாகக் கருதுகிறார்கள். பால் வெட்டுவோரிடம் தாய்லாந்திலும் இலங்கையிலும் நடந்த ஆய்வுகள் முதுகுவலி பரவலாக இருப்பதைப் பதிவு செய்திருக்கின்றன. பழைய தோட்ட ஆட்கள் வாழும் எந்த வீட்டிலும் தைல வாசனையே அதற்குச் சாட்சி.

இரண்டையும் சேர்த்தால்

தோட்டத்தின் அசைவை எடுத்துக்கொண்டு அதன் அளவின்மையை விட்டுவிடலாம். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு, நான்கு பயிற்சிகள் போதும்.

முதலாவது தள்ளுதல். சுவரில் தொடங்கி, மேசை விளிம்பு, திண்டு, தரை, காலை நாற்காலியில் உயர்த்துதல் என்று படிப்படியாக ஏறலாம். ஒரு படியில் பதினைந்து முறை நிதானமாக எடுக்க முடிந்தால் அடுத்த படி. இன்னும் இரண்டு எடுக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்துவது நல்லது.

இரண்டாவது இழுத்தல். வீட்டில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கனமான மரச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, விளிம்பை இரு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பை வளையாமல் வைத்து நெஞ்சை மேசையை நோக்கி இழுக்க வேண்டும். முழங்காலை மடக்கினால் சுலபம், நீட்டினால் கடினம். பிளாஸ்டிக் மேசையும் மடக்கு மேசையும் ஆகாது. ஜன்னல் கிரில்லில் தொங்குவதும் வேண்டாம். அது திருடனுக்காகப் போட்டது, ஆள் எடைக்காகப் போட்டதல்ல. பக்கத்துப் பூங்காவில் கம்பி இருந்தால் இருபது விநாடி தொங்கினாலே பிடிக்கும் முதுகுக்கும் நல்லது.

மூன்றாவது பழைய தண்டால், ஐந்து முதல் பத்து முறை, தோளுக்காக. தோள்மூட்டில் குத்தல் இருந்தால் அதை விட்டு, இடுப்பை உயர்த்தித் தலையைத் தரையை நோக்கி இறக்கும் பாதி அசைவை மட்டும் செய்யலாம்.

நான்காவது சுமத்தல். உடல் எடைப் பயிற்சியின் எல்லையை இங்கே கொஞ்சம் தாண்டுகிறோம், தாண்டுவதில் நியாயம் இருக்கிறது. காலியான பெயிண்ட் வாளி இரண்டில் பாதியளவு தண்ணீர் நிரப்பி, நிமிர்ந்து, முன்வாசலில் ஒரு நிமிடம் நடந்தால் போதும். காண்டாவைப்போலத் தோளில் ஏற்ற வேண்டாம், கையில் தொங்கட்டும். கைப்பிடிக்கும் தோள்மேட்டுக்கும் தோட்டம் கொடுத்த பலன் கழுத்தை அழுத்தாமல் கிடைக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்கக் கூடாது. மருந்து சாப்பிடுபவர்கள் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

இப்போது தீர்ப்பு. எந்த அசைவு என்பதில் தாத்தா பக்கம் நியாயம் கூடுதல். எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதில் பேரன் பக்கம் கூடுதல். ஆனால் இந்த ஒப்பீட்டில் பெரிய ஆதாயம் பேரனுக்கு அல்ல. இருபது வயதில் அவன் எதைச் செய்தாலும் உடம்பு வளரும். அறுபது கடந்த முன்னாள் வெட்டாளுக்குத்தான் வேலை நின்ற நாளிலிருந்து தசை கரைந்துகொண்டே வருகிறது. ஈப்போ போலோ கிரவுண்டில் காலை நடை போகிறவர்களுக்கும் அந்த நடை காலுக்கு உதவுமே தவிர, விழுந்தால் கையூன்றி எழும் பலத்தைத் தராது. "உழைச்சது போதும், உட்காருங்க" என்று பிள்ளைகள் அன்பாகச் சொல்வது அவர்களுக்கு நன்மை செய்யாது. சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நின்று பத்து முறை தள்ளுவதும், வாரம் இருமுறை அரைவாளித் தண்ணீரோடு வாசலில் நடப்பதும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் முடிகிற காரியம். இந்த முறை அளவை மண்டோர் வைக்கப்போவதில்லை, அவர்களே வைத்துக்கொள்ளலாம்.