கர்னல் ஜான் மன்றோவும் கேரள எல்லைத் தமிழ் நிலங்களும்

மன்றோ என்றதும் தமிழறிஞர் நினைவில் எழுபவர் இரயத்துவாரி முறையோடு இணைத்துப் பேசப்படும் சர் தாமஸ் மன்றோவே ஆவார். அவரைப் போன்றே ஸ்காட்லாந்திலிருந்து வந்த கர்னல் ஜான் மன்றோ (1778–1858) வேறொருவர். திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு அரசவைகளிலும் திவானாக அமர்ந்தவர். தோள்சீலைச் சிக்கலை ஒட்டியே அவர் பெயர் நம் ஆய்வுகளில் பெரிதும் இடம்பெறுகிறது. அவர்தம் பணியின் மையம் நிலமே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

இன்றைய கேரள எல்லையில் தமிழ் வழங்கும் பகுதிகள் பல அவர் பொறுப்பின்கீழ் இருந்தவை. வாளையாறு கும்பினியாரின் நேராட்சியிலிருந்த மலபாரைச் சார்ந்தது. அதற்குத் தெற்கே உள்ள சித்தூரோ கொச்சிக்குரியது. தேவிகுளம், பீர்மேட்டு மலைகள் திருவிதாங்கூரின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தன.

1791இல் சென்னைப் படையில் சேர்ந்த மன்றோ, 1810இல் திருவிதாங்கூர், கொச்சி ரெசிடெண்ட் ஆனார். வேலுத்தம்பியின் கிளர்ச்சி அடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. 1805ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி கும்பினிக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் நிலுவையில் நின்றது. இராணி கௌரி லட்சுமிபாய் 1811இல் உம்மிணித்தம்பியை நீக்கி, மன்றோவையே திவானாக்கினார். கடன் கேட்பவரும் கடன் இறுப்பவரும் ஒருவரே ஆன விந்தை இது. 1812இல் கொச்சித் திவான் பொறுப்பும் அவரிடம் வந்தது.

நிலுவையைத் தீர்க்க அவர் கைவைத்த இடம் கோயில் நிலம். தேவசுவங்களின் சொத்துகள் அரசின் நிருவாகத்திற்குள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் வருவாய் கருவூலத்தைச் சேர்ந்தது. நீதிமன்றங்களை நிறுவியமை, அடிமை விற்பனையைத் தடுத்த 1812ஆம் ஆண்டு ஆணை ஆகியவற்றைப் போற்றுவோர் இதனை மேலோட்டமாகக் கடந்துவிடுகின்றனர். அவ்வாணையும்கூட நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளை விடுவிக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வளவு நிலத்தைக் கையாண்டவர் அப்போது தம் நாட்டில் நிலக்கிழார் அல்லர். டீனினிக் பண்ணை அவருடைய தமையன் ஹியூவிற்குரியதாக இருந்தது. 1819இல் திருவிதாங்கூரை விட்டு நீங்கிய பின்னர், 1830ஐ ஒட்டியே அது இவர் கைக்கு வந்தது.

மன்றோ குடும்பத்தின் தொடர்பு அத்துடன் அறுபடவில்லை. அவருடைய பெயரர் ஜான் டேனியல் மன்றோ, பாண்டியர் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து 1877 ஜூலை 11இல் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். திருவிதாங்கூர் அரசு மறு ஆண்டு அதனை உறுதிப்படுத்தியது. 1971இல் கேரள அரசு சட்டமியற்றி மலைநிலத்தை மீட்கும் வரை உரிமை வழக்குகளின் வேர் அந்த ஆவணமே. பாட்டனார் கோயில் நிலத்தை அரசுக்குச் சேர்த்தார். பெயரர் அரசகுடியின் மலையைத் தோட்ட முதலாளிகளுக்குத் திறந்துவிட்டார். அங்குத் தேயிலை பயிரிட மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள், வேலை முடிந்ததும் காலி செய்ய வேண்டிய லயங்களிலேயே இன்றும் வாழ்கின்றனர்.