வெயிலைக் கூட்டும் வளைவு



பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காய்ந்த இலையில் புகை எழுப்பிப் பார்க்காத பையன்கள் குறைவு. இது மிகப் பழைய விளையாட்டு. கி.மு. 423இல் கிரேக்க நாட்டில் மேடையேறிய 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகத்தில் கடனாளி ஒருவர் வருகிறார். அக்காலத்தில் வழக்கு விவரத்தை மெழுகுப் பலகையில் எழுதுவார்கள். குமாஸ்தா எழுதும்போது தாம் சற்றுத் தள்ளி நின்று, கண்ணாடியால் வெயிலைப் பிடித்து எழுத்தை உருக்கிவிடலாம் என்று அவர் திட்டம் போடுகிறார்! அரிஸ்டோபனீஸ் எழுதிய நாடகம் அது.

ஆர்க்கிமிடீஸ் என்னும் அறிஞர் கண்ணாடிகளால் ரோமானியரின் கப்பல்களை எரித்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிராக்கூஸ் நகர முற்றுகையை விரிவாக எழுதிய போலிபியஸ் அதைப்பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் 1747இல் பிரெஞ்சு அறிஞர் பூஃபோன், நூற்றுக்கு மேற்பட்ட தட்டைக் கண்ணாடிகளின் ஒளியை ஓரிடத்தில் குவித்து, 150 அடி தொலைவில் இருந்த தார் பூசிய பலகையைப் பற்றவைத்துக் காட்டினார். அசையாத பலகை எரியும். அலையில் ஆடும் கப்பல் அவ்வளவு எளிதில் எரியுமா?

வெயிலைக் குவிக்க இரண்டு வழிகள் உண்டு. பூதக்கண்ணாடி நடுவில் தடித்தது. தன்னை ஊடுருவிச் செல்லும் ஒளியை அது வளைத்துக் குவிக்கிறது. குழிந்த ஆடியோ, தன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைக் குவிக்கிறது. முகத்தைப் பெரிதாகக் காட்டும் சவரக் கண்ணாடி இந்த இரண்டாம் வகை. அதைச் சன்னலோரத்தில் வெயில்பட வைக்காதீர்கள், திரைச்சீலை பற்றிக்கொள்ளும்.

இனி விமானத்துக்கு வருவோம். தொடக்கக் காலத்து விமானிகள் காற்று முகத்தில் அறைய, திறந்த இருக்கையில்தான் பறந்தார்கள். 1930களில் அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் விற்பனைக்கு வந்தது. அதைச் சூடாக்கினால் விரும்பியபடி வளைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போன்ற போர் விமானங்களுக்கு அதில்தான் மூடி செய்தார்கள். எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் கிளைடர்களுக்கும் அத்தகைய நீண்ட, வளைந்த மூடியே உண்டு.

ஒளி ஊடுருவிச் செல்லும் பொருள் எப்படி ஆடியாகும் என்று கேட்கலாம். நேராக விழும் வெயிலில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பங்கை இந்தப் பிளாஸ்டிக் திருப்பி அனுப்புகிறது. சாய்ந்து விழும் வெயிலில் இன்னும் கூடுதலாகத் திருப்பும். மூடியைத் திறந்து வைத்தால் அதன் குழிந்த உட்புறம் சூரியனைப் பார்க்க நேரலாம். அப்போது அது பெரிய பரப்பின் வெயிலைத் திரட்டி, இருக்கையின் தலையணையிலோ கருவிப் பலகையிலோ சிறு பொட்டாக வீழ்த்தும். அந்தப் பொட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியன் நகர நகர அதுவும் நகரும். சற்று முன்பு புல்லில் கிடந்தது, விமானி தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் மெத்தைக்கு வந்திருக்கும். கருகிய தலையணைகளைக் கண்ட பிறகுதான் பலர் இதை நம்பினார்கள். அதனால் நிறுத்தியதும் மூடியைச் சாத்தி, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்துகிறார்கள்.

கட்டடக் கலைஞர்களும் இதில் அகப்பட்டார்கள். 2013இல் லண்டன் ஃபென்சர்ச் தெருவில், கட்டி முடியும் நிலையில் இருந்த 37 மாடிக் கட்டடம் ஒன்றின் குழிந்த கண்ணாடிச் சுவர், அருகில் நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கிவிட்டது. செய்தியாளர் ஒருவர் அந்த வெயிலில் முட்டை பொரித்துக் காட்டினார். 2014இல் அந்தச் சுவருக்கு வெயில் தடுக்கும் தகடுகளைப் பொருத்தினார்கள்.