சுமார்: எண்ணாத எண்ணிக்கை

ராயபுரத்துல வளர்ந்த எனக்கு 'சுமார்' வீட்டுச் சொல். படம் எப்படி? சுமார். எண்ணூர் போக எவ்ளோ நேரம்? சுமாரா ஒரு மணி நேரம். பாரசீகத்தில் 'ஷுமார்' என்றால் எண்ணிக்கை. அந்தச் சொல் நம்மிடம் வந்து, எண்ணாமல் சொல்வதற்கான சொல்லாகிவிட்டது.

அதில் தப்பில்லை. காசிமேடு ஏலத்தில் கூடை மீனை நிறுக்காமல், கண்ணால் பார்த்தே விலை கேட்பார்கள். அதுவும் சுமார்தான். ஆனால் மதிப்பு பிசகினால் கேட்டவரின் கைக்காசு போகும். அதனால் கண் கவனமாக இருக்கும்.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. அப்புறம் சில டன் என்றார்கள். அப்புறம் சுமார் 20. பின்னால் வந்த ஆய்வுகளில் அது சுமார் 200 டன். கணக்கு இப்படி ஏறிக்கொண்டிருந்தபோது, எர்ணாவூர் கரையில் ஆட்கள் கறுப்புக் குழம்பை வாளி வாளியாகக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். காசிமேட்டில் மீன் வாங்க ஆள் குறைந்தது. எண்ணெய் படாத மீனுக்கும் அதே கதிதான்.

ஏலத்தில் மதிப்பு பிசகினால், நஷ்டம் சொன்னவருக்கு. இங்கே சொன்னது ஒருவர், நஷ்டம் வலை போட்டவருக்கு.

இப்போ யாராவது பெரிய விஷயத்துக்கு 'சுமார்' போட்டா, எவ்ளோ துல்லியம்னு நான் கேக்கறதில்ல. பிசகினா யார் கைக்காசுன்னுதான் கேக்கறேன்.