எஞ்சினின் தட்டொலி: ஒரு நோய்நாடலின் வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, நமது பழைய பெட்ரோல் காரின் எஞ்சினிலிருந்து விந்தையான ஓர் ஓசை எழுந்தது. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கூடியது. காலைத் தளர்த்தினால் மறைந்தது. பேரிங் போய்விட்டது, பெருஞ்செலவு வந்துவிட்டது என்றே எண்ணினோம்.

சேலம் திரும்பியதும் வழக்கமாகச் செல்லும் பட்டறையில் வண்டியை விட்டோம். மெக்கானிக் நீண்டதொரு ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மீது ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டிவைத்துச் சற்று நேரம் கேட்டார். நின்ற நிலையில் எஞ்சினை முறுக்கியபோது ஓசை இல்லை. பிறகு நம்மையும் ஏற்றிக்கொண்டு டாப் கியரில் ஒரு மேம்பாலத்தின்மீது ஏற்றினார். ஓசை வந்தது. "பேரிங் சத்தம்னா எப்பவும் இருக்கும் சார். இது லோடு ஏறுனா மட்டும் வருது. நாக்கிங்தான். டைமிங் முன்னால போயிருக்கு, உள்ளே கரியும் கொஞ்சம் பிடிச்சிருக்கும்" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, நூலளவு திருப்பி, மீண்டும் முடுக்கினார். ஓசை நின்றது.

நூலளவு திருப்பத்தில் தீர்ந்த இந்த ஓசைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. படிக்கப் படிக்க அது எஞ்சினைப் பற்றியதாக மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

முதலில் ஓசையின் இயல்பைச் சொல்லிவிடுவோம். எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் பொறியைத் தட்டுகிறது. தீ ஒரு முனையில் தொடங்கிச் சீராகப் பரவி மறுமுனையை அடைய வேண்டும். ஆனால் அழுத்தமும் வெப்பமும் மிகுந்துவிட்டால், தீ சென்றடையுமுன்னரே கடைசியில் எஞ்சிய கலவை தானே ஒருங்கு பற்றிக்கொள்கிறது. அதனால் எழும் அழுத்த அலை உருளைச் சுவரை அறைகிறது. அந்த அறைதலே நாம் கேட்கும் தட்டொலி. நீடித்தால் பிஸ்டனே பழுதாகும். கலவையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு ஆற்றல் கூடும், எரிபொருள் மிச்சமாகும். ஆனால் தட்டொலி குறுக்கே நிற்கும். இதனால்தான் தொடக்ககாலக் கார்களில் அழுத்த விகிதம் நான்குக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே நின்றது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியாளர் இருந்தார். 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் கைப்பிடி சுற்றாமலே எஞ்சினைக் கிளப்பும் மின் அமைப்பைப் பொருத்திப் புகழ்பெற்றவர். எஞ்சின்கள் தட்டத் தொடங்கியபோது, அவருடைய பேட்டரிப் பொறியமைப்புதான் காரணம் என்று பழி எழுந்தது. பழியைத் துடைக்க வேண்டுமானால் நோயின் மூலத்தைக் காண வேண்டும். அப்பணியை, 1916இல் தம்மிடம் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் அவர் ஒப்படைத்தார்.

மிட்ஜ்லி பயின்றது இயந்திரப் பொறியியல். உருளைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை ஒளிக்கதிர் கொண்டு படச்சுருளில் பதிவு செய்தார். பொறி தட்டுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதால்தான் ஓசை எழுகிறது என்று பலரும் கருதியிருந்தனர். படச்சுருளோ வேறொன்றைக் காட்டியது. அழுத்தம் திடீரென உயர்வது பொறி தட்டிய பின்னரே. ஆகவே குற்றம் பொறியமைப்பில் இல்லை, எரிபொருளில்! ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் இதே திசையில் ஆய்ந்துகொண்டிருந்தார்.

இதன்பின் நடந்தது சுவையானது. பனி விலகுமுன்னரே பூக்கும் செடியொன்றின் இலைகள் செந்நிறமாக இருப்பது கெட்டரிங்குக்கும் மிட்ஜ்லிக்கும் நினைவுக்கு வந்தது. சிவப்பு நிறம் வெப்பத்தை விரைந்து ஏற்பதால் செடி முந்திப் பூக்கிறது. எரிபொருளைச் சிவப்பாக்கினால் அதுவும் விரைந்து ஆவியாகும் என்று அவர்கள் ஊகித்தனர். சிவப்புச் சாயம் கைவசம் இல்லை, அயோடின் இருந்தது. அதைக் கலந்தார்கள். தட்டொலி தணிந்தது! பிறகு சாயங்களை வரவழைத்துச் சோதித்தபோது அவற்றுள் ஒன்றும் பயன்படவில்லை. நிறமற்ற அயோடின் சேர்மமோ பயன்பட்டது. கொள்கை பிழை, விளைவு மெய். நிறம் அன்று, பொருளே மருந்து என்பது இவ்வாறு தெரியவந்தது.

அயோடின் விலை மிகுந்தது, உலோகத்தை அரிப்பது. அனிலின், செலினியம், டெலூரியம் எனத் தேடல் நீண்டது. டெலூரியச் சேர்மங்களின் பூண்டு நாற்றம் குளித்தாலும் உடம்பை விட்டு அகலவில்லை. இறுதியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் சோதிக்கப்பட்டது. ஒரு காலனுக்கு மூன்று கன சென்டிமீட்டர் அளவே போதும், எஞ்சின் அமைதியாகிவிடும். லெட் என்பது ஈயம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் வெள்ளீயம் அன்று, நஞ்சான காரீயம்.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. தட்டொலிக்கு வேறு மருந்தும் அவர்கள் கையில் இருந்தது. 1921 அக்டோபரில், நூற்றுக்கு முப்பது பங்கு ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் இயங்கிய காரில் மிட்ஜ்லியே டேட்டனிலிருந்து பொறியாளர் கூட்டத்துக்குச் சென்றார். ஆனால் ஆல்கஹாலைக் குடம் குடமாக ஊற்ற வேண்டும், அதை எவரும் வடித்துவிடவும் முடியும். ஈயமோ துளியளவு போதும், காப்புரிமைக்குள்ளும் அடங்கும். தேர்வு எவ்வழி சென்றிருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

1923 பிப்ரவரி 2 அன்று டேட்டனில் முதல் விற்பனை நடந்தது. வணிகப் பெயர் 'எத்தில்'. ஈயம் என்னும் சொல் அப்பெயரில் இல்லை. அதே ஆண்டுத் தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் உடல் நலிந்து ஓய்வெடுக்கச் சென்றிருந்தார் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்து பேவே சுத்திகரிப்பு ஆலையில் இப்பொருளைத் தயாரித்த தொழிலாளருள் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். டீப்வாட்டர் ஆலையில் இல்லாத பூச்சிகளைத் தொழிலாளர் கையால் விரட்டினர். அந்தக் கட்டடத்துக்கு 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்றே பெயர் வழங்கியது. அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர் முன்னிலையில் அத்திரவத்தில் கைகழுவி, ஒரு நிமிடம் அதை முகர்ந்தும் காட்டினார்.

1925 மே 20 அன்று வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில் ஹார்வர்டின் ஆலிஸ் ஹாமில்டன், யேலின் யாண்டெல் ஹெண்டர்சன் முதலியோர் எச்சரித்தனர். ஆலையில் சாவது ஒருபுறமிருக்க, தெருவெங்கும் படியப்போகும் ஈயத் துகள் என்ன செய்யும் என்பதே அவர்கள் வினா. 1926இல் அறிக்கை தந்த குழு, தடைசெய்யப் போதிய சான்று இல்லை, ஆய்வு தொடர வேண்டும் என்றது. விற்பனை தொடர்ந்தது.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. பூமியின் வயதை ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் கணித்து வெளியிட்ட கிளேர் பாட்டர்சன், அக்கணக்குக்காக ஈயத்தை அளந்தவர். எங்கு அளந்தாலும் புற ஈயம் வந்து கலந்து அளவைக் கெடுத்தது. அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடியவரை அது பெட்ரோலிடம் கொண்டு சேர்த்தது. 1965இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஈயத் தொழிலின் பகையைத் தேடித் தந்தது. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன், ஈயம் மிகுந்த குழந்தைகளின் அறிவுத்திறன் குன்றுவதைப் பால்பற்களைக் கொண்டு காட்டினார்.

அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996இல் முழுத்தடை வந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995இல் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயம் நீங்கியது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. டேட்டனில் தொடங்கியது முடிவுற 98 ஆண்டுகள் ஆயின. கைவிடப்பட்ட ஆல்கஹாலோ திரும்ப வந்துவிட்டது: பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் என்னும் இலக்கை இந்தியா 2025இல் எட்டியது.

'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் நோயை அறிவதோடும் அதன் காரணத்தை அறிவதோடும் நிற்கவில்லை. தணிக்கும் வழியைக் கண்டு, உடலுக்குப் பொருந்துமாறு செய்யவும் சொல்கிறார். மிட்ஜ்லி நோயை அறிந்தார். காரணத்தைப் பிறர் கண்டிராத நுட்பத்தோடு அறிந்தார். தணிக்கும் வழியும் கண்டார். எஞ்சினின் உடலுக்கு அது பொருந்தியது. அந்த எஞ்சினின் புகையைச் சுவாசித்த உடல்களுக்குப் பொருந்துமா என்று கேட்டவர்களின் குரல்தான் செவியேறவில்லை.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது மெக்கானிக் ஒன்று சொன்னார்: "டைமிங்கைத் தள்ளி வெச்சதுல இழுவை கொஞ்சம் குறையும் சார், பாத்துக்கங்க." தம் மருந்தால் என்ன குறையும் என்பதையும் அவர் சொல்லித்தான் அனுப்பினார்.