302 பேர் போனார்கள், பெயர் எங்கே?

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மெயின்கார்டு கேட், பெரிய கடை வீதி வழியாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் காந்தி மார்க்கெட் மணிக்கூண்டு வந்துவிடும். மணி பார்க்க நிமிர்ந்தவர்கள் நிறைய பேர். அது முதல் உலகப்போரின் நினைவுச் சின்னம் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த ஊரிலிருந்து 302 பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 41 பேர் உயிர் விட்டார்கள் என்று அங்கே ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது.

அவ்வளவுதான். ஒருத்தர் பெயர்கூடக் கிடையாது. என் தொழில் பாஷையில் சொன்னால், டேபிளில் 302 வரிசை இருக்கிறது, பெயர் என்கிற காலம் மட்டும் முழுக்கக் காலி. அப்பா பெயர், தெரு, செய்த தொழில் எதுவும் இல்லை.

தொழிலை ஏன் கேட்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் ஒரு தமிழன் பட்டாளத்தில் சேர அதுவே முக்கியமான வழியாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ்காரர்கள் 'போர்வீர இனங்கள்' என்று ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சாபிகளும் கூர்க்காக்களும் வீரர்கள், தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு ஆக மாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். போர் முடிந்து 1920களில் மிச்சம் இருந்ததும் போச்சு. மெட்ராஸ் ரெஜிமென்ட் திரும்பி வர இரண்டாம் உலகப்போர் வரவேண்டியிருந்தது.

ஆனால் ஒரு படையை மட்டும் அவர்களால் கைவிட முடியவில்லை. 1780இல் தொடங்கி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, கோட்டைச் சுவரைத் தகர்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. அதற்குத் தச்சர், கொல்லர், கொத்தனார் வேண்டும். உளி பிடிக்கத் தெரியாத வீரனை வைத்துக்கொண்டு ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட முடியாதே! 'சண்டைக்கு ஆகாது' என்று சொல்லப்பட்ட ஊர்க்காரனை அவன் கைத்தொழில் பட்டாளத்துக்குள் கொண்டுபோய் விட்டது. அந்தப் படையில் இவர்களுக்குச் செல்லப்பெயரே 'தம்பி'.

1914இல் ஒரு சாதாரண சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். அதில் ஒரு பகுதியை ஊரில் இருக்கிற குடும்பத்துக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். பட்டறையில் வேலை இருந்தால் காசு, இல்லாவிட்டால் பட்டினி என்று இருந்த வீட்டுக்கு மாசம் தவறாமல் வருகிற பணம் பெரிய விஷயம். ஆனால் இன்னொரு பக்கமும் யோசிக்க வேண்டும். பட்டறை என்பது அப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போகிற சொத்து. நடுவில் ஒருத்தன் மெசபடோமியாவில் செத்துப்போனால், வீட்டில் ஒரு ஆள் குறைவதோடு தொழிலைச் சொல்லிக்கொடுக்கிற கையும் போய்விடுகிறது.

அந்த மெசபடோமியாவிலாவது பெயர் எழுதினார்களா? ஈராக்கின் பஸ்ரா நினைவகம் 1929இல் திறக்கப்பட்டது. 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயரை வரிசையாகச் செதுக்கினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். மற்றவர்கள் எல்லாம் ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கை. இந்த ஓரவஞ்சனையை காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் ஒரு அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. ஆக, காந்தி மார்க்கெட்டிலும் எண், பஸ்ராவிலும் எண்.

அடுத்த போரில் இதே சாப்பர்ஸிலிருந்து ஒருவர் பெயர் தப்பியது: காஞ்சிபுரம் பக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கண்ணிவெடி அகற்றும்போது ஒரு வெடி முடுக்கிக்கொண்டது. சுற்றி இருந்தவர்களைக் காப்பாற்ற அவர் அதன்மேல் பாய்ந்து விழுந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் இறந்த பிறகு கிடைத்தது. தன் தொழிலைச் செய்துகொண்டிருந்த இடத்திலேயே செத்த மனிதர். ஆனால் ஒருவர் பெயரை நாம் தெரிந்துகொள்ள இவ்வளவு பெரிய தியாகமா தேவை? பாலம் கட்டிவிட்டு காய்ச்சலில் செத்தவனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்தானே?

இருந்தது. இன்னும் இருக்கலாம். முதல் உலகப்போரில் பணிபுரிந்த வீரர்களுக்கு வெள்ளியில் போர்ப் பதக்கம் கொடுத்தார்கள். கூலிப்படையினருக்கும் எடுபிடி ஆட்களுக்கும் வெண்கலத்தில். அதன் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள். எல்லோரும் இந்த இரண்டு பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். விளிம்பைப் பாருங்கள். பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். மணிக்கூண்டுக் கல் விட்ட பெயரை அந்த விளிம்பு வைத்திருக்கிறது. பெயர் கிடைத்தால் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்தே இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் கன்னாபின்னாவென்று இருக்கும், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

சிக்கல் என்னன்னா, அது நல்ல கனமான வெள்ளி. கஷ்டம் வந்தால் முதலில் நகைக்கடைக்குப் போகிற சாமான். உருக்கிவிட்டால் வெள்ளிக்கு விலை கிடைக்கும், பெயர் போனது போனதுதான். திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் பரணில் இருக்கிற தகரப் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கல்லில் எண்ணாக நிற்கிற 302 பேரில் ஒருவர் உங்கள் வீட்டுக்காரராக இருக்கலாம்.