அணு உலையும் நஷ்டஈடும்

இயந்திரம் பழுதாகி ஊருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பாளி யார்? அதனைச் செய்து விற்றவரா, வாங்கி ஓட்டியவரா? அணு உலை விஷயத்தில் இக்கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்ட வல்லுநர்களை அலைக்கழித்து வந்திருக்கிறது. அவ்வரலாற்றையே இன்று சுருங்கச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு அணு மின்சாரத் துறையைத் திறந்துவிட்டது. ஆயினும் முதலாளிகள் தயங்கினர். பெருவிபத்து நேர்ந்தால் கம்பெனியே மூழ்கிவிடும். அவ்வளவு தொகைக்கு இன்ஷூரன்ஸ் தருவாரும் இல்லை. ஆகவே 1957-இல் பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் பொறுப்புக்கு 56 கோடி டாலர் என்று எல்லை கட்டியது. 1960-இல் பாரிஸ் உடன்படிக்கையும், 1963-இல் வியன்னா உடன்படிக்கையும் பொறுப்பை உலையை நடத்துபவர் மீதே சுமத்தின. விற்றவர் ஒதுங்கிக் கொண்டார்.

நம் நாட்டிலோ 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி அணு மின்சாரம் மத்திய அரசின் கையிலேயே இருந்தது. நஷ்டஈட்டுக்கெனத் தனிச் சட்டம் எழவில்லை. 2008-இல் அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாடு கையெழுத்தானபின் அந்நியக் கம்பெனிகள் உலை விற்க முன்வந்தன. அத்தகைய சட்டத்தையும் வேண்டின.

அவ்வேளையில் போபாலின் நினைவு குறுக்கிட்டது. 1984-இல் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1989-இல் 47 கோடி டாலரோடு வழக்கு சமரசமாயிற்று. 2010 ஜூனில் குற்றவாளிகளுக்கு இரண்டாண்டுச் சிறையே விதிக்கப்பட்டது. நாடு கொதித்தது. அவ்வாண்டே பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தில், மசோதாவில் 500 கோடி ரூபாயாயிருந்த எல்லை 1,500 கோடியாயிற்று. பழுதான பொருளை விற்றவரிடம் நடத்துபவர் ஈடு பெறலாம் என்ற 17-ஆம் பிரிவும் நிலைபெற்றது.

விற்போர் பின்வாங்கினர். ஜைதாப்பூரிலும் கொவ்வாடாவிலும் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் ஏட்டளவிலேயே கிடந்தன. கூடங்குளத்து மூன்றாம், நான்காம் உலைகளின் பேச்சுவார்த்தையும் இதனால் தாமதப்பட்டது. இறுதியில் 2025 டிசம்பரில் பார்லிமெண்டு புதிய சட்டமொன்றை இயற்றி, 1962, 2010 ஆகிய இரு சட்டங்களையும் நீக்கியது, தனியாருக்கு இடமளித்தது, விற்பவரைப் பழுதுக்காகப் பிடிக்கும் அப்பிரிவையும் கைவிட்டது.

மின்சாரம் நமக்கு வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நஷ்டத்துக்குச் சட்டத்தால் எல்லை கட்ட முடியாது. கொடுக்க வேண்டிய தொகைக்கே எல்லை கட்ட முடியும். எஞ்சியதைச் சுமப்பவர் அரசாங்கமா, உலையின் அருகே வலை வீசும் மீனவரா? புதிய சட்டத்தை நாம் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்பது என் கருத்து.