கல்லுப்பள்ளி சொல்லும் கட்டடக் கலை

பள்ளிவாசல் என்றவுடன் வானளாவும் மினாராக்களும் பருத்த குவிமாடமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. திருச்சிராப்பள்ளி கோட்டை இரயில் நிலையத்திற்கு அருகிலுள்ள கல்லுப்பள்ளியோ தமிழகத்தின் கல் மண்டபங்களின் சாயலில் அமைந்த சின்னஞ்சிறு இறையில்லமாகும். அப்துல்லாஹ் பின் முஹம்மத் அன்வர் என்பார் ஹிஜ்ரி 116ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 734இல், இதனைக் கட்டியதாக அங்குள்ள அரபிக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. மலைக்கோட்டையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கு அடுத்த நூற்றாண்டு அது!

தூண், அதன்மேல் உத்திரம், அதன்மேல் பாவுகல்: தமிழகச் சிற்பியர் அறிந்திருந்த கட்டுமான முறை இதுவே. கருங்கல் மேலிருந்து வரும் பாரத்தை நன்கு தாங்கும். ஆனால் நீண்ட உத்திரமாகக் கிடத்தினால் நடுவில் முறிந்துவிடும். ஆகவேதான் தூண்களை நெருக்கமாக நிறுத்தினர். ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்திற்கும், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழம் பள்ளிகளுக்கும் இலக்கணம் ஒன்றே. பள்ளிவாசல் தூண்களில் மட்டும் உருவங்களைத் தவிர்த்துப் பூவும் கொடியும் செதுக்கினர்.

இத்தகைய பள்ளிகள் பல ஊர்களில் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்துள்ளன. தொழ வருவோர் பெருகும்போது இடம் தேவைப்படுவது உண்மையே. எனினும் பழைய பகுதியை அப்படியே நிறுத்திப் பக்கத்தில் விரிவுபடுத்த வழியிருந்தும் இடிப்பதை ஏற்க இயலவில்லை. கல்வெட்டின்மீது ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பதும் அழிவே. எழுத்தின் பள்ளங்கள் தூர்ந்துபோனால் கட்டியவர் பெயரும் மறைந்துவிடும்.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாக மட்டும் நடந்துவிடவில்லை. செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு வளைவும் குவிமாடமும் எழுப்பும் கலையை நாயக்க மன்னர்கள் தம் அரண்மனைகளில் விரும்பிக் கையாண்டனர். சொக்கநாத நாயக்கர் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றியபோது, 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் பகுதிகளையே பெயர்த்தெடுத்து வந்தார் என்பர். இன்று இராணி மங்கம்மாள் மகால் எனப்படும் திருச்சி தர்பார் மண்டபத்தில் அவ்வளைவுகளையும் மாடத்தையும் காணலாம். அது அரசு அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

ஸ்ரீரங்கம் கோயிலிலோ இன்னும் வியப்பான ஒன்றுண்டு. அரங்கனை நாடி வந்த தில்லி சுல்தானின் மகள் என மரபு கூறும் துலுக்க நாச்சியாருக்கு அங்கே ஒரு சன்னதி உள்ளது. சிற்பிகளுக்குப் பஞ்சமில்லாத அவ்வூரில் அவருக்குச் சிலை வடிக்கவில்லை, சுவரோவியமாகவே தீட்டியுள்ளனர். உருவம் வடிக்காத மார்க்கத்தில் பிறந்தவர் என்பதாலேயே இவ்வாறு செய்தனர் என்று சொல்லப்படுகின்றது. ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுகின்றன.

அதே கோயிலின் நெடிய மதில்களுக்குள்தான் 1752இல் சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டே அவர் கொல்லப்பட்டார். அவரை வென்ற முஹம்மது அலி வாலாஜா 1795இல் சென்னையில் காலமானார். அவரது உடலும் பின்னர் திருச்சிக்கே கொண்டுவரப்பட்டது. ஆற்காட்டு அரியணைக்காகப் போரிட்ட அவ்விருவரும் இன்று நத்ஹர் வலி தர்கா வளாகத்தில் அடங்கியுள்ளனர்.